ஷோகேஸில் முதிர்ந்த வெள்ளை ஒயின்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கிறது. கீழ்த்தட்டில் புத்தகங்கள். நடுத்தட்டில் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள். மேல்தட்டில், போன மார்கழி வரை, வெள்ளை ஒயின் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் நம் பக்கத்துத் திராட்சையில் செய்தவை. சில நந்தி மலைப் பக்கத்திலிருந்து வந்தவை, சில கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து. வருடத்துக்கு ஒன்று என்று வாங்கி வைத்தேன். குடிக்க அல்ல. திராட்சை பறித்த வருடத்தை லேபிளில் அச்சிட்டிருந்தார்கள், அதற்காக.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். புதுச்சேரியில் பலருக்குப் புரியும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களின் கூடத்தில் இப்படி ஒரு ஷோகேஸ் இருக்கும். ராணுவப் பதக்கம், ஈஃபில் கோபுர பொம்மை, மாதா சொரூபம், இவற்றுக்கு நடுவே பாரீசிலிருந்து பெட்டியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு ஒயின் பாட்டில். அதைத் திறக்க மாட்டார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்பார்கள். கல்யாணம் ஆனால், பேரன் பிறக்கட்டும் என்பார்கள். என் அப்பா முதலியார்பேட்டை மில்லில் தறி ஓட்டியவர். எங்களிடம் பதக்கமும் இல்லை, பாட்டிலும் இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்து, வீட்டை இடித்துக் கட்டியபோது, முதலில் செய்யச் சொன்னது அந்த ஷோகேஸைத்தான். ஆசாரி எதற்கு இவ்வளவு பெரிதாக என்று கேட்டார். புத்தகத்துக்கு என்று சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு உள்ளூர் மாத இதழ் ஒன்றில் தெருக்களின் வரலாறு எழுதி வருகிறேன். மில் சங்கு எந்த வருடம் நின்றது, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பகுதி எப்போது இடம் மாறியது, இந்த மாதிரி. தேதி சரியாக இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பாட்டில்களையும் அப்படித்தான் பார்த்தேன். மகள் கல்யாணம் நடந்த வருடம் ஒரு பாட்டில். மழையில் தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்ற வருடம் ஒன்று. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்த வருடம் ஒன்று. ஒரு வருடத்தின் வெயிலும் மழையும் அப்படியே உள்ளே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்லுவேன். அவர்களும் தலையாட்டிவிட்டுக் காபி குடிப்பார்கள்.

என் மனைவியின் தங்கை ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் பல வருடம் வேலை பார்த்தவள். அந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். கணவர் இல்லை. மகள் காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். மலையடிவாரத்தில் சின்ன அளவில் ஒயின் தயாரிக்கும் ஒரு கம்பெனி, புதுச்சேரியில் தன் சரக்கை ஹோட்டல்களுக்கு எடுத்துச் சென்று விற்க ஓர் ஆள் தேடியது. ஹோட்டல்காரர்களைத் தெரியும் என்பதால் இவளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சீசன் முடிவதற்குள், பேர் சொல்லும்படியான ஒரு ரெஸ்டாரன்டாவது அவர்கள் வெள்ளை ஒயினை மெனுவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும்.

கடற்கரைப் பக்கம் சின்னதாக, ஆனால் நல்ல பெயருடன் ஒரு ரெஸ்டாரன்ட் இருக்கிறது. நடத்துகிறவர் பிரெஞ்சு பிரஜையான ஒரு தமிழ் அம்மாள். ஊரில் எல்லோருக்கும் அவர் மதாம். அவர் சரி என்றால் மற்றவர்களும் சரி என்பார்கள். மச்சினி பல தடவை போய்க் கேட்ட பிறகு, ருசி பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். "கடைல வேணாம்மா. சமையல்காரன்லருந்து பாத்திரம் தேய்க்கிறவன் வரைக்கும் ஆளாளுக்குச் சொல்லுவாங்க. எங்கயாவது அமைதியா வெச்சுக்க" என்றாராம். மச்சினி உழவர்கரையில் மாடியில் குடியிருக்கிறாள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் படியில் உட்கார வேண்டும். அதனால் எங்கள் கூடத்தைக் கேட்டாள்.

அவள் கேட்டது கூடத்தை மட்டும்தான். "நம்ம ஊருக்கு ஒயின் வந்த கதைய ரெண்டு வார்த்த நீங்க சொன்னா நல்லாருக்கும் மாமா" என்றும் சொன்னாள். அது மரியாதைக்குச் சொன்னது. நான் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதாம் மாதா கோயிலில் பூசை முடித்து, கடையில் மதியச் சாப்பாட்டுக் கூட்டமும் கலைந்த பிறகு வருவதாக ஏற்பாடு. மச்சினி சீக்கிரமே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஐஸ் பெட்டி. அதற்குள் அந்த வருடத்துச் சரக்கில் இரண்டு பாட்டில். என் மனைவி பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"மார்க்கெட்டு மீன் ஐஸ் இல்லையே?"

"ஐயோ அக்கா, பாக்கெட் ஐஸ்."

அப்புறம்தான் மச்சினி கூடத்துக்கு வந்தாள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, என் பாட்டில்களை வருடவாரியாக நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த வருடத்தை ஒரு சிறிய அட்டையில் எழுதி வைத்திருந்தேன்.

"இன்னா மாமா இது? ஷோகேஸ் காலியா இருக்குது."

"முதல்ல இதுங்கள ஊத்துவோம். நம்ம பக்கத்து ஒயின் வருஷம் ஏற ஏற எப்படி முதிர்ந்திருக்குதுன்னு அவங்க பாக்கட்டும். அப்புறம் உன்னோடது."

அவள் ஒரு பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "வெள்ளைய இவ்ளோ வருஷம் வெக்கலாமா மாமா? சீக்கிரம் குடிச்சிடணும்னு கம்பெனில சொன்னாங்களே."

"கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்லுவான். இத நீ குடிச்சு முடிச்சாத்தான அவனுக்கு அடுத்தது விக்கும்?"

அவள் சிரித்தாள். பாட்டிலைத் திரும்ப அதே அட்டைக்குப் பின்னால், அதே இடத்தில் வைத்தாள். என் வீட்டுக் கூடத்தைக் கேட்டு வாங்கியவள் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அக்கா புருஷன், வயதில் மூத்தவன், நாலு புத்தகம் படித்தவன். நிலவறைகளில் பல பத்து வருடங்கள் தூங்கும் பாட்டில்களைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். அவை சிவப்பு ஒயின்கள், அவை தூங்கியது குளிர்ந்த கல்லறை போன்ற அறைகளில், அதுவும் படுத்த நிலையில் என்பதை அதே புத்தகங்கள் சொல்லியிருந்தன. பழைய வருடங்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் நான் விரும்பிப் படித்தேன். என் பாட்டில்கள் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் மேற்கு வெயில் அவற்றின் மேல் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவை தங்க நிறமாகத் தெரியும். அதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன்.

மதாம் தன் அண்ணனுடன் வந்தார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முசியே என்றுதான் அவரையும் கூப்பிடுவோம். வந்ததும் அவர் கண் ஷோகேஸுக்குப் போனது. காலியான மேல்தட்டைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "அட, கல்யாண வீடு மாரி இருக்குதே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வார்த்தை என்று ஆரம்பித்தேன். கப்பல்களில் பீப்பாய் வந்தது, மாதா கோயிலுக்கும் கவர்னர் மாளிகைக்கும் எது போனது, எந்தக் காலத்தில் எது நின்றது என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், ஒயின் என்பது காலம்தான், வயது ஏற ஏறத்தான் அதன் தரம் தெரியும் என்று அடித்துச் சொல்லி முடித்தேன். முசியே கைதட்டினார். "லெக்சருக்குக் காசு உண்டா, இல்ல இலவசமா?" என்று தங்கையிடம் கேட்டார். மதாம் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மச்சினி மேஜையில் இரண்டு எவர்சில்வர் சொம்பு வைத்திருந்தாள். "கொஞ்சம் வாயில வெச்சுப் பாத்துட்டு இதுல துப்பிடலாம் மதாம். அப்பதான் அடுத்தது தெளிவா தெரியும்" என்றாள்.

என் மனைவி முறுக்குத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தாங்கவில்லை. "துப்பறதா? கூடத்துலயா?"

மதாம் அவளைப் பார்த்தார். "மெ நோன்" என்று பிரெஞ்சில் மறுத்து, சொம்பைத் தள்ளி வைத்தார். "ஒரு வீட்ல வந்து உக்காந்துட்டு, கையால குடுத்தத துப்புவாங்களா? நீ போடும்மா, நான் குடிச்சிடறேன்."

அது என் மனைவிக்கு அவர் செய்த மரியாதை. கடையில் நடந்திருந்தால் துப்பியிருப்பார். அவருக்கு அது தொழில்.

முதல் பாட்டிலின் கார்க் திருகியோடு பாதிதான் வந்தது. மீதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடிகட்டி ஊற்றினேன். கண்ணாடிக் கிளாஸில் அது கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. வெட்டி வைத்து மறந்துபோன ஆப்பிளும் வார்னிஷும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மச்சினி மூக்கருகே கொண்டுபோனாள், கீழே வைத்துவிட்டாள். மதாம் ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை, தொண்டை மட்டும் அசைந்தது.

"முதிர்ந்த நிறம்" என்றேன்.

"நிறம் இருக்குது" என்றார் முசியே.

மச்சினி பாத்திரம் எடுக்கிற மாதிரி என் பக்கம் வந்து, "மாமா, போதும். என்னுத ஊத்திடலாம்" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு நன்றாகக் கேட்டது. நான் இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன். ஏன் என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பாட்டில் கெட்டிருக்கலாம், அடுத்தது காப்பாற்றும் என்று நம்பினேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அது உண்மையில்லை. அட்டைகளில் வருடம் எழுதி வைத்திருந்தேன். நடுவில் நிறுத்தினால் வரிசை கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

இரண்டாவது புளித்த கள் மாதிரி இருந்தது. மதாம் அதையும் விழுங்கினார். ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது பாட்டிலைக் கையில் எடுத்தபோது முசியே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். அதுவரை எனக்கு உறைக்காத ஒன்று அப்போது உறைத்தது. அது மச்சினியின் கம்பெனி லேபிள். அவள் அங்கே சேருவதற்கு வெகு முன்னால் நான் வாங்கியது. அடுத்து நின்றதும் அதே கம்பெனியுடையதுதான்.

"தோ, இது நீ விக்கிறது தான?"

"ஆமா முசியே. ஆனா இது ரொம்பப் பழசு, இத வெச்சு..."

"பழசுன்னா இன்னும் நல்லா தான இருக்கணும்? இப்பதான சார் சொன்னாரு."

மச்சினி என்னைப் பார்த்தாள். இது கெட்டுப்போனது, என் அறியாமை, இதை யாரும் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்ல அதுதான் சமயம். பாட்டில் என் கையில்தான் இருந்தது. நான் கார்க்கைத் திருகினேன்.

மதாம் அதையும் குடித்தார். முசியே மட்டும் நாக்கு நுனியில் வைத்துவிட்டுக் கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். "தங்கச்சி, இத வீணாக்காத. தக்காளி, வெங்காயம் அரிஞ்சு, மேல ஊத்தி சலாது செய். வினிகர் செலவு மிச்சம்."

மதாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சினி சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், நிறுத்தினால் என்ன சொல்வது என்று தெரியாததால்.

நாலாவதைத் திறக்க அவள் விடவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து தன் பாட்டிலை எடுத்தாள். கிளாஸ்களை மாற்றினாள். ஊற்றியபோது அது வைக்கோல் நிறத்தைவிட வெளிறியதாக, கிளாஸின் வெளிப்பக்கம் வியர்க்கும்படி குளிர்ந்து இருந்தது. அது எந்த மலைச்சரிவில் விளைந்தது, எந்த மீனோடு பொருந்தும் என்று அவள் பழகி வைத்திருந்ததைச் சொன்னாள். குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. மதாம் தண்ணீர் குடித்தார். ஒயினை ஒரு வாய், இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். அவர் உண்மையாகவே முயற்சி செய்தார்.

"எனக்கு இப்ப எல்லாம் ஒண்ணாவே இருக்குதும்மா" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்."

நானும் அந்தக் கிளாஸைக் குடித்தேன். எனக்கும் முந்தையவற்றின் புளிப்புதான் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு மச்சினி கிளாஸ்களைக் கழுவித் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். என் அட்டைகளையும் சேர்த்து ஒழுங்காக மேஜை ஓரத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியது மனைவிதான். "அவ பொழப்புக்குக் கூடத்தக் கேட்டா, நீங்க உங்க கொலுவ வெச்சிட்டிங்க." ஆட்டோ வரும் வரை மச்சினி அக்காவைத்தான் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாளே பாட்டில்கள் அத்தனையையும் தோட்டத்துச் சாக்கடையில் ஊற்றினேன். பொங்கல் கழிந்தும் மதாமிடமிருந்து பதில் வரவில்லை. அதற்கு மேல் பொறுக்காமல் நானே அவர் ரெஸ்டாரன்டுக்குப் போனேன். சமையலறைப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தார். தப்பு முழுக்க என்னுடையது, மச்சினி தடுத்தாள், நான் கேட்கவில்லை, இன்னொரு தடவை ருசி பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அவ தடுத்தது எனக்கும் தெரிஞ்சிது" என்றார். "ஆனா கடைசியா ஊத்தினது நல்லதா கெட்டதான்னே எனக்குத் தெரியல. நாக்கு செத்துப்போச்சு."

"அதுக்குத்தான் மதாம் இன்னொரு தரம்..."

"எப்படிங்க? எங்க அண்ணன் சும்மா இருக்கறாரா? பூசை முடிஞ்சு வெளிய நிக்கற அத்தன பேருகிட்டயும் சலாது கதைய சொல்லிட்டாரு. லேபிள் பேரோட. என் கடைக்கு வர்றவங்களும் அவங்கதான். நாளைக்கு மெனுல அந்தப் பேர பாத்தா, வினிகர் வந்துடுச்சான்னு என்னைத்தான் கிண்டல் பண்ணுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க பெரியவங்க, நேர்ல வந்து கேட்டுட்டிங்க. எனக்கே சங்கடமா இருக்குது" என்றார்.

அவருக்குச் சங்கடம். எனக்கு எழுந்து வெளியே வருவதற்கே நேரம் பிடித்தது. என்ன மன்னிப்புக் கேட்டாலும், கேட்கிறவன் மனசுக்குத்தான் அது ஆறுதல் தருகிறது. அன்று எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மச்சினி வேறு சில இடங்களுக்கு ஏறி இறங்கினாள். கடற்கரைப் பக்கம் இரண்டு கடைக்காரர்கள் சலாது கதையை அவளிடமே சொல்லிச் சிரித்தார்கள். காலாப்பட்டுத் தாண்டி, சென்னை ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் கேட்டபோது, டவுனில் யார் எடுத்தார்கள் என்று கேட்டார்களாம். இதெல்லாம் மனைவி மூலமாக எனக்குத் தெரிந்தது. சீசன் முடிந்ததும் கம்பெனி சொன்னபடி வேறு ஆளைப் போட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மச்சினி மறுபடியும் வரவேற்பு மேஜைக்குப் போனாள். சாவி கொடுக்கிற, ஆதார் அட்டையை வாங்கிப் பார்க்கிற வேலை. முன்பு பார்த்த ஹோட்டலோடு அதை ஒப்பிட முடியாது.

சித்திரை முதல் தேதி மனைவி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் வருவாளா என்று எனக்குச் சந்தேகம். வந்தாள். கூடையில் பழம், பூ, அதோடு துண்டில் சுற்றி ஒரு பாட்டில். கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தது போக அவளிடம் தங்கிப்போன ஒரே ஒரு சாம்பிள்.

"வெச்சு இன்னா பண்றது? இதுக்கும் வயசாயிடும்" என்றாள். குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் எனக்குக் குத்தியது.

அதை ஃபிரிட்ஜில் வைத்தாள். சாப்பாட்டுக்கு முன் எடுத்து, மூன்று டம்ளரில் ஊற்றினாள். கண்ணாடிக் கிளாஸ் வேண்டாமா என்று கேட்டேன், பரவாயில்லை மாமா என்றாள். மூன்று பேரும் சமையலறையிலேயே நின்றுகொண்டு குடித்தோம்.

முதல் வாயிலேயே தெரிந்தது. பச்சைத் திராட்சையைக் கடித்த மாதிரி ஒரு சில்லிப்பு. அதன் பின்னால் எலுமிச்சைத் தோலின் மணம். விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரங்களில் அது மெல்ல நின்றது. புத்தகங்களில் நான் படித்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

"நல்லா இருக்குதும்மா" என்றேன்.

அவள் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கும் இதேதான் மாமா" என்றாள்.

என் மனைவி தன் டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள். மச்சினி ஊற்றினாள்.